புரொப்பல்லர் நிற்கக் கூடாது

கச்சிராயபாளையத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவனுக்குப் பழைய விமானங்களோடு என்ன உறவு என்று கேட்பவர்களுக்கு நான் உளுந்தூர்பேட்டையைத்தான் காட்டுவேன். எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் போட்ட ஓடுதளம் ஒன்று அங்கே கிடக்கிறது. சூலூர், சோழவரம், கயத்தாறு என்று அந்த நாட்களில் தமிழ்நாட்டில் எழுந்த ஓடுதளங்களில் அதுவும் ஒன்று. சூலூர் இன்று விமானப் படைத் தளம். சோழவரம் கார், பைக் பந்தயத்துக்குப் பேர் போனது. உளுந்தூர்பேட்டையிலோ வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. விமானமே இல்லாத அந்த இடத்தைப் படமெடுக்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பித்துப் பிடித்தது. இங்கே என்ன வந்து இறங்கியிருக்கும், அதன் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று தேட ஆரம்பித்தேன். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பிழைப்பு கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழா. அதோடு கள்ளக்குறிச்சி மரச் சிற்பங்களை விற்பனைக்காகப் படமெடுத்துக் கொடுக்கும் வேலையும் உண்டு. அந்தச் சிற்பங்கள்தான் எனக்கு வெளிச்சத்தைக் கற்றுக்கொடுத்தன. நேர் எதிரே விளக்கு வைத்தால் உளி போன தடம் தெரியாது. பக்கவாட்டிலிருந்து சாய்வாக விட்டால்தான் ஒவ்வொரு வெட்டும் எழுந்து நிற்கும். பழைய விமானத்தின் உலோகத் தகட்டில் வரிசை வரிசையாக அடித்திருக்கும் ரிவெட்டுகளுக்கும் இதேதான். காலை எட்டு மணிக்குள் போங்கள், அல்லது மாலை நாலரைக்கு மேல். உச்சி வெயிலில் அந்தத் தகடு வெறும் வெள்ளைப் பரப்பாகிவிடும்.

ஆனால் பறக்கும் விமானத்துக்கு வெளிச்சத்தைவிட ஷட்டர்தான் பெரிய விஷயம். ஜெட் விமானத்தை, ஷட்டர் வேகத்தை நொடியில் ஆயிரத்திலோ இரண்டாயிரத்திலோ ஒரு பங்காக வைத்து எடுக்கலாம், குறையில்லை. டகோட்டா என்ற பழைய புரொப்பல்லர் விமானத்தை அப்படி எடுத்தால் புரொப்பல்லர் அப்படியே உறைந்து, விமானம் அந்தரத்தில் என்ஜின் நின்று தொங்குவதுபோல இருக்கும். என்னால் அதைப் பார்க்கவே முடியாது. சுழலும் விசிறிதான் அதன் மூச்சு.

கணக்கு எளிது. டகோட்டாவின் என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,000 சுற்று ஓடினாலும், நடுவில் கியர் இருப்பதால் புரொப்பல்லர் அதில் பாதியைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் சுற்றும். மூன்று இறக்கை. ஷட்டர் 125-ல் இருந்தால் ஒவ்வோர் இறக்கையும் ஏறக்குறைய 55 டிகிரி நகர்ந்து, பாதி வட்டத்தை நிரப்பும். 60-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட முழுத் தட்டாகவே தெரியும். ஹார்வர்டு என்ற பழைய பயிற்சி விமானத்துக்குக் கியர் கிடையாது. என்ஜின் வேகமே புரொப்பல்லர் வேகம். இரண்டே இறக்கை என்றாலும் 125-லேயே அழகான சுழற்சி கிடைக்கும். புதிதாக வருபவர்கள் 250-ல் தொடங்கி மெல்ல இறங்கி வாருங்கள். செல்போனில் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முழுதும் பொருந்தாது. அதன் சென்சார் படத்தை வரிவரியாகப் படிப்பதால் புரொப்பல்லர் வாழைப்பழம்போல வளைந்து விழும்.

ஷட்டரை இறக்கினால் கை ஆடக் கூடாது. அதற்கு எங்கள் ஊரைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை. அரவைக் காலத்தில் இங்குள்ள கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர்கள் வந்துகொண்டே இருக்கும். பத்து மீட்டர் தள்ளி 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டிராக்டரை லென்ஸால் பின்தொடர்வது, அரை கிலோமீட்டர் தூரத்தில் 250 கிலோமீட்டர் வேகத்தில் போகும் டகோட்டாவைத் தொடர்வதைவிடக் கடினம். கேமராவை ஆறு மடங்கு வேகமாகத் திருப்ப வேண்டியிருக்கும். காலை அகட்டி நின்று, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, இடுப்பிலிருந்து திரும்புங்கள். பட்டனை அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். டிராக்டர் பிடிபட்டதும் கோமுகி அணைக்குப் போய்க் கொக்குகளை எடுங்கள். அங்கே பின்னணியில் கல்வராயன் மலை இருப்பதால் ஆட்டோஃபோகஸ் மலைக்கு ஓடும். அதைக் கட்டுப்படுத்தப் பழகிவிட்டால் வெறும் வானத்தில் வரும் விமானம் சுலபம்.

2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப் படையின் 92-ஆம் ஆண்டு விழாச் சாகசம் நடந்தது. ரஃபேலுக்கும் தேஜஸுக்கும் கூட்டம் ஆர்ப்பரித்தது. நான் காத்திருந்தது டகோட்டாவுக்கும் மஞ்சள் ஹார்வர்டுக்கும். பதினொரு மணிக்கு மேல் வெயில் தலைக்கு மேலே நிற்க, விமானங்களின் அடிப்பக்கம் கருநிழல். பளிச்சென்ற வானத்தைப் பார்த்து கேமரா படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை ஒன்றேகால் ஸ்டாப் வரை ஏற்றினால்தான் மஞ்சள் மஞ்சளாக வரும். அன்று வெயிலாலும் நெரிசலாலும் ஐந்து பேர் உயிரிழந்ததையும் சொல்லாமல் விட முடியாது. இன்னொரு லென்ஸுக்குப் பதில் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். வெளியேறும் வழியைப் பார்த்துவைத்த பிறகே நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நின்றுவிட்ட விமானங்களையும் குறைவாக எண்ண வேண்டாம். சென்னை எம்.ஐ.டி.யில் நிறுத்தியிருந்த இரண்டு பழைய விமானங்கள் தன்னை ஈர்த்ததைப் பற்றி அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். நமக்குப் பக்கத்தில் பெங்களூரு எச்.ஏ.எல். அருங்காட்சியகம் இருக்கிறது. 1951-இல் முதன்முதலாகப் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானம் அங்கே உண்டு. ஜெர்மானியரான குர்ட் டாங்க் வடிவமைத்து 1961-இல் பறந்த மாருத் போர் விமானமும் உண்டு. வைட் லென்ஸோடு மூக்கருகே போய் நிற்காதீர்கள், மூக்கு வீங்கிவிடும். பத்தடி பின்வாங்கி 50 அல்லது 85 எம்.எம். லென்ஸில் எடுங்கள். படைத் தளம், விமான நிலையம் பக்கம் அனுமதியில்லாமல் கேமராவைத் தூக்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் படத்தின் அடியில் தேதி, இடம், வால் பகுதியில் உள்ள எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். எண் என்ன சொல்கிறது என்றும் தேடிப் பாருங்கள். இன்று பறக்கும் டகோட்டாவின் பெயர் பரசுராமா. பிரிட்டனில் சீர்செய்யப்பட்டு 2018-இல் விமானப் படைக்கு வந்தது. அதன்மேல் எழுதியிருக்கும் வி.பி. 905 என்ற எண்ணோ, 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமெண்ட் வீரர்களை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கிய வேறொரு டகோட்டாவின் எண். அந்த நினைவுக்காக இதற்குச் சூட்டியது. என் ஸ்டுடியோவில் மாட்டியிருக்கும் படத்தின் கீழே இரண்டு விமானங்களையும் குறித்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, முதல் விமானம் என்ன ஆனது என்று கேட்கிறார்கள்.