கோப்பின் பெயரும் மூன்று குறிப்புகளும்

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பர் பெரியோர். கணிப்பொறி அறையில் அதன் பொருளை நாங்கள் உணர்ந்தோம்.

நொய்யல் ஆற்றைப் பற்றிய கட்டுரைகள் ‘நொய்யல்’, ‘நொய்யல்குளங்கள்’ என இரு கோப்புகளில் இருந்தன. முன்னது தோழியுடையது, பின்னது எங்களுடையது. ஒரு நாள் ‘நொய்’ என்று தட்டி டேப் விசையை அழுத்தினோம். உரைதிருத்தி ‘நொய்யல்’ என நிரப்பிவிட்டு வாளாவிருந்தது. எங்கள் கட்டுரையின் பழைய படி என்றெண்ணி, இருந்ததை அழித்துப் புதிதாய் எழுதிச் சேமித்தோம். தோழியின் ஒரு வார உழைப்பு போயிற்று!

பெயரை நிரப்பினால் மட்டும் போதாது. நிலையையும் சொல்ல வேண்டும். நிலைகள் மூன்று: பொருந்தும் பெயர் ஒன்றே உண்டு, பெயர் முழுமையானது, ஆயினும் அதே தொடக்கத்தில் வேறும் உண்டு, பொருந்துவது ஏதுமில்லை. 1976இல் பிறந்த ஈமேக்ஸின் வழிவந்த குனு ஈமேக்ஸ், இம்மூன்றையும் தனித்தனிச் சொற்களால் அறிவிக்கிறது. லினக்ஸில் கட்டளைகளை ஏற்கும் பாஷ் நிரலிலோ, பெயர் பல இருந்தாலும் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரே மணியொலிதான்; மறுமுறை அழுத்தினால்தான் பட்டியல் வரும். ஒலிபெருக்கி இல்லாத கணிப்பொறியில் அம்மணியும் கேளாது.

ஆதலின், கண்ணுக்குத் தெரியும் சொல்லே சிறந்த குறிப்பு. தோழியரே, என்டர் விசையை அழுத்துமுன் பெயரை முழுதும் படிப்போமாக!