பானையும் தட்டும்



ஒரே தெரு. ஒரே ரேஷன் கடை. ஒரே அரிசி. இரண்டு வீட்டிலும் கூலி வேலைதான். ஆனாலும் ஒரு வீட்டுக் குழந்தை துறுதுறுவென்று ஓடுகிறது. அடுத்த வீட்டுக் குழந்தை சோர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கை கால்கள் மெலிந்திருக்கின்றன. அடிக்கடி காய்ச்சல் வருகிறது.

இது ஏன்?

"அது அந்தக் குழந்தையின் உடல்வாகு" என்பார் ஒருவர். "அந்த அம்மாவுக்கு வளர்க்கத் தெரியவில்லை" என்பார் இன்னொருவர். இரண்டும் அவசரப் பேச்சு. வீட்டுச் சாப்பாட்டுக்கு இரண்டு பாதை உண்டு. கடையிலிருந்து பானைக்கு வருவது ஒரு பாதை. பானையிலிருந்து தட்டுக்கு வருவது இன்னொரு பாதை. இரண்டையும் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

பானைக்கு வருவது எது?

பானையில் என்ன வேகும் என்பதை நம் ஆசை மட்டும் முடிவு செய்வதில்லை. கூலி, விலை, நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

நாம் வாழும் தெலங்கானாவையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள கிராமங்களில் முன்பு சோள ரொட்டியும் சோளச் சோறும்தான் ஏழைகளின் அன்றாட உணவு. நெல்லுச் சோறு பண்டிகைக்கு உரியது. 1983-ஆம் ஆண்டு என்.டி. ராமராவ் ஆந்திரப் பிரதேச முதலமைச்சர் ஆனார். கிலோ 2 ரூபாய்க்கு அரிசி கொடுக்கும் திட்டம் வந்தது. ஏழை வீட்டுப் பானைக்குத் தினமும் அரிசி வந்தது. அது பெரிய உதவி. அதே காலத்தில் பாசன வசதி கூடிய இடங்களில் நெல்லும் பெருகியது. சோளமும் கம்பும் மெல்ல மெல்லக் குறைந்தன. 2025-ஆம் ஆண்டில் தெலங்கானா ரேஷன் கடைகளில் சன்ன அரிசியும் விலையில்லாமல் கொடுக்கத் தொடங்கினார்கள்.

ஆக, ஒரு திட்டம் வந்தால் ஒரு ஊரின் வாய்ருசியே மாறுகிறது. வீட்டு நிலையும் அப்படித்தான். அம்மாவுக்கு விடியற்காலை வேலை என்றால் அந்த வீட்டில் காலைப் பலகாரம் இருக்காது. டீயும் பன்னும்தான் இருக்கும். அதில் அந்த அம்மாவின் குற்றம் ஒன்றும் இல்லை.

இது முதல் பாதை. இதில் பாதி நம் கையில் இல்லை. நல்ல கூலியும் நியாய விலையும் நாம் சேர்ந்து கேட்டுப் பெற வேண்டியவை. இரண்டாவது பாதையில் நம்மால் செய்ய முடிந்தது நிறைய உண்டு. அதைச் சொன்னவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

தார்நாகாவில் ஒரு நிறுவனம்

செகந்தராபாத் லாலாகுடாவைத் தாண்டினால் தார்நாகா. அங்கே உஸ்மானியா பல்கலைக்கழகத்துக்கு அருகில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. பேருந்தில் போகும்போது பலரும் பார்த்திருப்போம்.

இந்த நிறுவனம் பிறந்தது தமிழ்நாட்டில். 1918-ஆம் ஆண்டு நீலகிரி மாவட்டம் குன்னூரில், ஒரு சிறிய அறையில், மக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கினார். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பி வாழ்ந்தவர்களுக்குப் பெரிபெரி என்ற நோய் வந்தது. அதை ஆராயத்தான் அந்த இடம் ஏற்பட்டது. 1958-ஆம் ஆண்டு நிறுவனம் ஹைதராபாத்துக்கு வந்தது. 1969-ஆம் ஆண்டு இன்றைய பெயரைப் பெற்றது.

1960-களில் இதை வழிநடத்தியவர் டாக்டர் சி. கோபாலன். சேலத்தில் பிறந்தவர். 100 வயது வாழ்ந்து 2019-ஆம் ஆண்டு மறைந்தார்.

அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் ஒரு பேச்சு இருந்தது. "ஏழை நாட்டுக் குழந்தைகளுக்குப் புரதம் போதவில்லை. விலை உயர்ந்த புரத மாவுகளைக் கொடுக்க வேண்டும்" என்றார்கள். கோபாலனும் அவருடன் வேலை செய்தவர்களும் வீடு வீடாகப் போய்க் குழந்தைகள் சாப்பிடுவதை அளந்தார்கள். அவர்கள் கண்டது வேறு. பெரும்பாலான குழந்தைகளுக்கு மொத்தச் சாப்பாடே போதவில்லை. வீட்டில் உண்ணும் அதே சோறும் பருப்பும் வயிறார கிடைத்தால், புரதமும் பெரும்பாலும் கூடவே கிடைத்துவிடும்.

ஹைதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு சோதனையும் செய்தார்கள். 1 முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு, வீட்டுச் சாப்பாட்டுக்கு மேல், தினமும் ஒரு பலகாரம் கொடுத்தார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றால் செய்தது. அதில் 310 கலோரி சக்தி இருந்தது. புரதம் 3 கிராம்தான். 14 மாதம் கொடுத்தார்கள். பலகாரம் பெறாத குழந்தைகளைவிட, பெற்ற குழந்தைகளின் உயரமும் எடையும் நன்றாகக் கூடின. இந்த முடிவு 1973-ஆம் ஆண்டு வெளிவந்தது.

காரணம் எளிது. புரதம் உடம்பைக் கட்டும் செங்கல். சோறும் எண்ணெயும் அடுப்பெரிக்கும் விறகு. விறகு இல்லாத வீட்டில் நாற்காலியை உடைத்து எரிப்பார்கள் அல்லவா? அதுபோல, சாப்பாடு போதாத உடம்பு புரதத்தையே எரித்துவிடும். பிறகு கட்டுவதற்கு என்ன மிஞ்சும்?

பானையிலிருந்து தட்டுக்கு

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பானை இறங்கியதும் முதலில் யார் சாப்பிடுகிறார்கள்?

பல வீடுகளில் வேலைக்குப் போகும் ஆண்கள் முதலில் சாப்பிடுவார்கள். பிறகு பையன்கள். பிறகு பெண் பிள்ளைகள். கடைசியில் அம்மா. குழம்பில் இருக்கும் காயும் பருப்பும் மேலேயே முடிந்துவிடும். கைக்குழந்தைக்கு ரசம் பிசைந்த நாலு வாய்ச் சோறு. "சின்ன வயிறு, போதும்" என்று விட்டுவிடுகிறோம்.

சின்ன வயிறுதான். ஆனால் தேவை சின்னதல்ல. தார்நாகா நிறுவனத்தின் கணக்குப்படி, நடுத்தரமாக உழைக்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2,130 கலோரி வேண்டும். 1 முதல் 3 வயது வரை உள்ள குழந்தைக்குச் சுமார் 1,000 கலோரி வேண்டும். அதாவது, அம்மா சாப்பிடுவதில் ஏறக்குறையப் பாதியைக் குழந்தை சாப்பிட வேண்டும்!

சின்ன வயிற்றில் இவ்வளவும் எப்படிப் போகும்? மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, பல தடவை கொடுப்பது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும். 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு ஒரு நாளைக்கு 2 அல்லது 3 தடவை மசித்த உணவு. 9 மாதத்திலிருந்து 2 வயது வரை 3 அல்லது 4 தடவை. நடுவில் பழமோ வேறு தின்பண்டமோ ஒன்றிரண்டு தடவை.

இரண்டு, கெட்டியாகக் கொடுப்பது. கஞ்சித் தண்ணீரும் பருப்புத் தண்ணீரும் வயிற்றை நிரப்பும். சக்தி தராது. கரண்டியிலிருந்து ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக மசிக்க வேண்டும். ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டால் 45 கலோரி கூடும்.

மூன்று, தனிக் கிண்ணம். அம்மாவின் தட்டிலிருந்தே ஊட்டினால் குழந்தை எவ்வளவு தின்றது என்று தெரியாது. பரிமாறும்போது முதலில் குழந்தையின் கிண்ணத்தில் எடுத்து வையுங்கள். அம்மாவின் பங்கையும் அப்போதே எடுத்து மூடி வையுங்கள்.

ஊட்டுவதும் ஒரு வேலைதான்

உணவு தட்டுக்கு வந்தாகிவிட்டது. வயிற்றுக்குப் போக வேண்டுமே!

தார்நாகா நிறுவனத்தார் நல்கொண்டா மாவட்டத்தில் 60 கிராமங்களில் இதைச் சோதித்தார்கள். முடிவு 2013-ஆம் ஆண்டு வெளிவந்தது. கிராமங்களை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில் வழக்கமான அங்கன்வாடிச் சேவை மட்டும். இரண்டாம் பிரிவில், குழந்தைக்கு எந்த உணவை எப்போது கொடுப்பது என்றும் தாய்மாருக்குச் சொன்னார்கள். மூன்றாம் பிரிவில் அதோடு, எப்படி ஊட்டுவது, எப்படி விளையாட்டுக் காட்டுவது என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களே வீடு தேடிப் போனார்கள். குழந்தைகளை 3 மாதத்திலிருந்து 15 மாதம் வரை கவனித்தார்கள்.

சொல்லிக் கொடுத்த வீடுகளில் குழந்தைகள் சாப்பிடுவது கூடியது. மூன்றாம் பிரிவுக் குழந்தைகளின் அறிவு வளர்ச்சியும் மேம்பட்டிருந்தது.

அவர்கள் சொன்னதில் புதிய மருந்து எதுவும் இல்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்டுங்கள். பசி வந்ததற்கும் வயிறு நிறைந்ததற்கும் குழந்தை காட்டும் குறிப்பைக் கவனியுங்கள். அடித்தோ வாயை அழுத்தியோ திணிக்காதீர்கள். கையால் எடுத்துத் தின்ன விடுங்கள். நம் பாட்டிகள் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டியதும் இந்த வழியில்தான்!

புதிய கீரையைக் குழந்தை துப்பினால் விட்டுவிட வேண்டாம். இன்னொரு நாள் கொஞ்சம் கொடுங்கள். எட்டு, பத்து தடவை ருசித்த பிறகு பழகிவிடும்.

பார்த்துப் பழகும் பிள்ளை

நடக்கத் தொடங்கிய பிள்ளை நாம் சொல்வதைக் கேட்பதைவிட நாம் செய்வதைத்தான் பார்க்கும். அப்பா கத்தரிக்காயை ஓரமாக ஒதுக்கினால் மகனும் ஒதுக்குவான். "அழாதே, பாக்கெட் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு நாள் சொன்னால், அழுதால் பாக்கெட் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும்.

டீயும் அப்படித்தான். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது தார்நாகா நிறுவனம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. பிள்ளைக்கு டீயில் பிஸ்கட் தொட்டுக் கொடுக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

வகுப்பில் எழுந்த கேள்வி

இந்தப் பாடத்தை வகுப்பில் படித்தபோது சித்தாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா கேட்டார்.

"டீச்சரம்மா, காலையில ஏழு மணிக்கு நான் அட்டாவில நிக்கணும். லேட்டானா அன்னைக்கு வேலை போச்சு. நான் எங்க நிலாவைக் காட்டி ஊட்டறது?"

"பகல்ல குழந்தையை யாருக்கா பார்த்துக்கறாங்க?"

"எங்க அத்தைதான்."

"ராத்திரி அண்ணன் வீட்டில இருப்பாரா?"

"இருப்பாரு. செல்போன் பார்த்துக்கிட்டு இருப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. இந்தப் பாடம் அம்மாவுக்கு மட்டும் எழுதியதல்ல. பகலில் ஊட்டும் பாட்டிக்கும் இது பாடம். இரவில் வீட்டில் இருக்கும் அப்பாவுக்கும் இது பாடம். ஒரு நேரச் சோற்றை அப்பா பிசைந்து ஊட்டினால் அம்மாவுக்குச் சூடாகச் சாப்பிட நேரம் கிடைக்கும்.

அரசு தர வேண்டியதையும் கேட்டுப் பெறுவோம். 2013-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அங்கன்வாடி வழியாக விலையின்றி உணவு உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் உண்டு. தெலங்கானாவில் சின்னக் குழந்தைகளுக்கு மாதம் இரண்டரை கிலோ பாலாமிருதம் மாவு தருகிறார்கள். நம் ஊர் நாச்சாரத்தில் தயாராவதுதான் அது. தமிழ் பேசும் குடும்பம் என்று தயங்க வேண்டாம். போய்ப் பெயர் பதிவு செய்யுங்கள். மாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைத்துவிடாதீர்கள்.

கணக்குப் போடுவோம்

1. பாலாமிருதம் 2,500 கிராம். 30 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்குச் சுமார் 83 கிராம். அதை 4 பேர் தின்றால் குழந்தைக்கு எத்தனை கிராம் கிடைக்கும்?

2. இரண்டு பிள்ளைகளுக்குத் தினமும் ஆளுக்கு 5 ரூபாய்ப் பாக்கெட். 30 நாளுக்கு எவ்வளவு ரூபாய்? ஒரு முட்டை 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பணத்தில் எத்தனை முட்டை வாங்கலாம்?

புதிய சொற்கள்

கலோரி: உணவு தரும் சக்தியை அளக்கும் அளவு.
புரதம்: உடம்பை வளர்க்கும் சத்து. பருப்பு, பால், முட்டை, மீன் ஆகியவற்றில் அதிகம்.
இரத்தசோகை: இரத்தத்தின் வலிமை குறைவது. இரும்புச்சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம்.

சேர்ந்து பேசுவோம்

உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?
பெண் பிள்ளைக்கும் ஆண் பிள்ளைக்கும் ஒரே அளவு பரிமாறுகிறோமா?
வீட்டுக்காரர், மாமியார், மருமகள் இவர்களில் யார் எந்த வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம்?

செய்து பார்ப்போம்

இன்று இரவு குழந்தைக்கு ஒரு தனிக் கிண்ணம் ஒதுக்குங்கள். எத்தனை கிண்ணம் சாப்பிடுகிறது என்று நோட்டில் ஏழு நாள் எழுதுங்கள். அடுத்த வாரம் வகுப்புக்கு அந்த நோட்டைக் கொண்டு வாருங்கள். எல்லோருமாகச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.