தீப்புண்ணும் தோல் ஒட்டும்



சுடுதண்ணி கொட்டினால் இங்க், பேஸ்ட், மாவு தடவுவது தப்பு! 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டணும்.

மேலோட்டமாக வெந்தால் தானே ஆறும். தோல் முழு ஆழமும் வெந்தால் நரம்பும் கருகிவிடும், வலியே தெரியாது. 'வலிக்கலையே' என்று ஏமாறாதீர்கள்! 3 வாரத்துக்கு மேல் ஆறாத புண் பெரும்பாலும் தடித்த தழும்பாகி, கழுத்தையும் விரல்களையும் இழுத்துப் பிடிக்கும்.

அதனால்தான் வெந்த தோலைச் சீக்கிரமே சீவி எடுத்து, தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டுகிறார்கள். 1970-ல் இம்முறையைப் பற்றி எழுதி உலகறியச் செய்தவர் யுகோஸ்லாவிய நாட்டுப் பெண் மருத்துவர் ஸோரா யான்செகோவிச். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப்பிரிவு உண்டு.

தழும்பு முழுசா மறையாது. ஆனால் விரல் மடங்கும், பேனா பிடிக்கலாம்!

சிந்திக்க: தழும்பு உள்ள நண்பரைக் கேலி செய்யலாமா?