வயிற்றுக் கோளாறுக்குப் பெரிய டாக்டரைப் பார்க்கப் போகும் முன்

கல்லாவில் உட்காருபவர்களில் பலருக்கு வயிறு ஒரு தீராத வழக்கு. காலைப் பலகாரம் பத்து மணிக்கு, மதியச் சாப்பாடு மூன்றரைக்கு, நடுவே நான்கு டீ. பௌர்ணமி வந்துவிட்டால் கிரிவலக் கூட்டத்துக்காக விடிய விடியக் கடை. வயிறு வலித்தால் 'கேஸ்' என்று சொல்லி ஒரு சோடா, ஒரு மாத்திரை. இப்படி வருடக்கணக்கில் ஓட்டியபின், உள்ளூர் டாக்டர் குடல் நோய் நிபுணரைப் பார்க்கும்படி சீட்டு எழுதித் தருகிறார். வேலூர் சி.எம்.சி.க்கோ, புதுவை ஜிப்மருக்கோ, சென்னைக்கோ புறப்படும் முன் செய்ய வேண்டியதை இப்பாடத்தில் பார்ப்போம்.

முதலில், அந்தக் 'கேஸ்' என்ற சொல்லைக் கடையிலேயே விட்டுச் செல்லுங்கள். நெஞ்செரிச்சல், மேல்வயிற்று வலி, உப்புசம், மலச்சிக்கல், பேதி அத்தனையையும் ஒரே சாக்கில் கட்டுகிற சொல் அது. வாடிக்கையாளர் 'பருப்பு கொடுங்கள்' என்றால் துவரையா, உளுந்தா, எத்தனை கிலோ என்று நாம் கேட்கிறோம் அல்லவா? நிபுணரும் அதைத்தான் கேட்பார். வெளியே கூட்டம் காத்திருக்கும். உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு நாள்வழிக் குறிப்பு எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு. வலி எங்கே, சாப்பிடும் முன்பா பின்பா, தூக்கத்தைக் கலைத்ததா. மலம் எத்தனை முறை, இளகியதா, என்ன நிறம், ரத்தம் உண்டா. எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் டாக்டர் முன் வாய்திறந்து சொல்வதைவிடத் தாளை நீட்டுவது எளிது.

இவ்வகை விசாரணையின் மதிப்பை நம் பகுதியே கண்டிருக்கிறது. 1989 வரை திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் அந்த மாவட்டக் கிராமங்களில் தீராத பேதியும் உடல் மெலிவுமாக 'ஸ்ப்ரூ' என்ற நோய் பரவியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பேக்கர், மாத்தன் முதலானோர் ஊர் ஊராகப் போய், யாருக்கு எப்போது தொடங்கியது என்று விசாரித்துக் குறித்தார்கள். அந்நோயைப் பற்றிய அறிவு வளர்ந்ததில் அக்குறிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

எடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூட்டை நிறுக்கும் தராசு நம் கடையிலேயே இருக்கிறது. அதில் நாம் மட்டும் ஏறுவதில்லை! வாரம் ஒரு நாள், காலையில் ஏறி நின்று எழுதிவையுங்கள். எழுபது கிலோ ஆள், சாப்பாட்டைக் குறைக்காமலே ஆறு மாதத்தில் மூன்றரை கிலோ இறங்கியிருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குடல் காசநோய் முதல் புற்றுநோய் வரை பலவற்றுக்கும் அது துப்பு. வீட்டில் யாருக்காவது காசநோயோ குடல் புற்றோ இருந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

அடுத்து மாத்திரைகள். பெயர் நினைவில்லை என்றால் அட்டையையே எடுத்துச் செல்லுங்கள். லேகியம், சூரணம் உட்பட. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் விழுங்கும் வலி மாத்திரைகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. இரைப்பைப் புண்ணுக்கு அவை முக்கியக் காரணம். இன்னொரு காரணம் ஒரு கிருமி. காரமும் கவலையுமே அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பியிருந்தபோது, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மார்ஷல், வாரன் என்ற இருவர் 1982-ல் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டினர். 2005-ல் நோபல் பரிசு பெற்றனர். ஓமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமில மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே கிருமிப் பரிசோதனைக்குப் போனால், கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். எத்தனை நாள் முன்பு நிறுத்துவது என்று முன்கூட்டியே கேளுங்கள், தானாக நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்காரர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக அடுக்குங்கள். கேட்க வேண்டியதையும் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன சந்தேகம், இந்தப் பரிசோதனை எதற்கு, மருந்து எத்தனை நாள், மறுபடி எப்போது வர வேண்டும்.

சில தொல்லைகளுக்கு அப்பாயின்ட்மென்ட் தேதி வரை காத்திருக்கக் கூடாது. மலம் தார்போல் கறுத்துப் போவது (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதையும் சொல்லுங்கள்), ரத்த வாந்தி, விழுங்க முடியாமை, கண் மஞ்சளாவது ஆகியவை இருந்தால் அன்றே மருத்துவமனை. வியர்வையோடு நெஞ்சு அழுத்தினால் அதைக் 'கேஸ்' என்று எண்ணிச் சோடா தேடக் கூடாது. அது மாரடைப்பாக இருக்கலாம்.

எண்டோஸ்கோப்பிக்கு வெறும் வயிறு வேண்டும். எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவமனையே சொல்லும். வேலூர் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். மயக்க ஊசி போட்டால் அன்று வண்டி ஓட்டக் கூடாது. மகனையோ கணக்குப்பிள்ளையையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் வரை செக்கில் கையெழுத்தும் பெரிய கொள்முதல் பேச்சும் வேண்டாம்.