ராத்திரியில் ஒரு நடை போய்ப் பாருங்கள்

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்க நினைக்கிறோம். நல்ல இடம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகி, பாபநாசம்

பதில்: வரவேற்பறை டைல்ஸையும் பூஜை அறையையும் காட்டுவார்கள். தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். இன்னொரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் இரவு எட்டு மணிக்குப் போங்கள். ராத்திரி டியூட்டியில் நர்ஸ் உண்டா, வாட்ச்மேன் மட்டும்தானா என்பது அப்போதுதான் தெரியும். எழ முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையென்றால் குதிகாலிலும் முதுகின் அடியிலும் புண் வைத்துவிடும். புரட்டிய நேரத்தைக் குறிக்கும் நோட்டைக் கேளுங்கள். நாள் முழுவதற்கும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியிருந்தால் எனக்கு நம்பிக்கை வராது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த மண் இது. கூரை, சமையல்கட்டு, வெளியேறும் வழி மூன்றையும் நீங்களே பாருங்கள். அம்மாவுக்குத் தரைத்தளம்தான். 2018 கஜா புயலில் டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது அந்த இல்லத்தில் தண்ணீர் மோட்டார் எப்படி ஓடியது என்று விசாரியுங்கள். பதிவுச் சான்றிதழை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் சரிபாருங்கள். சேர்த்த பிறகு குறை தெரிந்தால், முதியோர் உதவி எண் 14567.