பெயர் தப்பினால் திருத்தலாம், ஊர் தொலைந்தால்?

அன்புள்ள நண்பருக்கு,

கல்லூரிப் பூச்சிப்பெட்டியில் ஒரே பெயர்ச்சீட்டின் கீழ் இரண்டு ஜாடையில் மான்கொம்பு வண்டுகள் இருக்கின்றன, தவறான சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து எதையும் கழற்றாதீர்கள்.

உங்கள் பெட்டியில் மட்டும் நடந்த குளறுபடி அல்ல இது. பெரிய அருங்காட்சியகங்களும் இதற்கு விலக்கில்லை. எல்லாம் ஆண் வண்டின் தாடை செய்யும் வேலை. மட்கிய மரத்துக்குள் புழுவாக இருக்கும்போது தின்று சேர்த்ததுதான் வண்டின் அளவு. வெளியே வந்தபின் வளர்ச்சி கிடையாது. தீனி போதாவிட்டால் உடம்பு சிறுக்கும், தாடை அதைவிட அதிகமாகச் சிறுக்கும். கிளைத்த கொம்பு இருக்க வேண்டிய இடத்தில் சின்ன இடுக்கி ஒன்று நிற்கும். உடன்பிறந்தவை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வாழும் ஒடோன்டோலாபிஸ் பேரினத்தில் இந்த வேறுபாடு இன்னும் மோசம். பல வடிவங்களும் ஒரே சிற்றினத்து ஆண்களே என்று விரிவாக எடுத்துக்காட்டி, அந்த வடிவங்களுக்குத் தனிப் பெயரும் வைத்தவர் ஃபிரான்ஸ் லாய்ட்னர், 1885இல்.

ஐரோப்பாவின் லூகானஸ் செர்வஸ் கதை இதைவிடச் சுவையானது. 1758இல் லின்னேயஸ் பெயரிட்ட வண்டு. அதன் குட்டை ஆண்களை வேறு வண்டு என்று நினைத்த பழைய ஆசிரியர்கள் ‘கப்ரியோலஸ்’ என்றார்கள். ஆனால் 1763லேயே லின்னேயஸ் அந்தப் பெயரை வட அமெரிக்க வண்டு ஒன்றுக்குக் கொடுத்திருந்தார்! அந்த அமெரிக்க வண்டோ ‘டாமா’ என்ற இன்னொரு பெயரிலும் உலவியது. ஆக, பழைய சீட்டில் ‘கப்ரியோலஸ்’ என்றிருந்தால் அது அட்லாண்டிக்கின் எந்தக் கரை வண்டு என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

காலைப் பாருங்கள். அமெரிக்க வண்டின் தொடையில் ஓடே வெளிறிய செம்மஞ்சளாக இருக்கும்; தாடையின் உள்விளிம்பில் ஒரே பல். ஐரோப்பிய வண்டின் தொடை கருமை. முன்தொடையில் மட்டும் மஞ்சள் மயிர்த்திட்டு உண்டு, லென்ஸ் இல்லாமல் பார்த்தால் அது ஏமாற்றிவிடும்.

பெயர் தப்பாக இருப்பது எனக்குப் பெரிய கவலையே இல்லை. விஷயம் தெரிந்தவர் கையில் கிடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிடித்த ஊரும் தேதியும் எழுதிய சீட்டு தொலைந்தால் அதை எந்த நிபுணராலும் மீட்க முடியாது. வெறுமனே ‘இந்தியா’ என்று எழுதி விற்ற பழைய வியாபாரிகள் மேல்தான் எனக்குக் கோபம். தப்பான பெயர்ச்சீட்டும் இருக்கட்டும்: அதை நம்பி யாரோ ஒரு நூலில் ‘இந்த ஊரில் இந்த வண்டு’ என்று எழுதியிருக்கலாம், அந்தத் தவறின் மூலத்தைத் தேடி வருபவருக்கு இந்த ஊசிதான் சாட்சி. உங்கள் முடிவைத் தனிச்சீட்டில், உங்கள் பெயரும் ஆண்டும் போட்டு, அதே ஊசியில் பழையவற்றுக்குக் கீழே குத்துங்கள்.

கழுத்தையும் ஒருமுறை பாருங்கள். தலை உதிர்ந்த வண்டுக்கு வேறொன்றின் தலையை ஒட்டிவைக்கிற புண்ணியவான்களும் உண்டு. பசைத் தடம் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகும் சந்தேகம் தீராத ஆண்களை ஈரப்பதத்தில் ஊறவைத்து இளக்கி, இனப்பெருக்க உறுப்பை எடுத்து ஒப்பிட வேண்டும். அதைப் பழகியவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். காய்ந்த கால்கள் தொட்டாலே முறியும்.

பெண் வண்டுகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தாடை பார்த்து எதையும் சொல்ல முடியாது, பல சிற்றினங்களின் பெண்கள் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ஒரே நாளில் ஒரே இடத்தில் ஆணோடு பிடிபட்டதாகச் சீட்டு சொன்னால் கொஞ்சம் நம்பலாம். இல்லையென்றால் பேரினத்தின் பெயரோடு நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்.