பேட்டரி இறங்கிய காரும் இடம் மாறிய அச்சமும்

சாவியைத் திருப்பியும் 'டிக், டிக்' என்னும் ஒலியன்றி வேறொன்றும் எழாத காரின் பக்கத்தில் மற்றொரு காரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜம்ப்பர் கேபிள் எனப்படும் இரண்டு தடித்த கம்பிகளின் வழியே அதன் பேட்டரியிடம் மின்சாரத்தைக் கடன் வாங்கி எஞ்சினை எழுப்புவது இன்று பலரும் அறிந்த உபாயம். அந்த உபாயம் பரவிய வேகத்தில் அதன் காரணகாரியம் பரவாமற்போனமையால், அஞ்ச வேண்டாத இடத்தில் அச்சமும் அஞ்ச வேண்டிய இடத்தில் அலட்சியமும் குடிகொண்டுவிட்டன. இது பற்றி நிலவும் நம்பிக்கைகளுள் பிரதானமான சிலவற்றை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை: கேபிளைத் தொட்டால் ஷாக் அடிக்கும், ரப்பர்ச் செருப்பு போட்டிருந்தால் பயமில்லை.

உண்மை: காரின் பேட்டரியில் உள்ள ஆறு செல்களும், செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட் வீதம், ஒன்றுசேர்ந்து தருவது 12.6 வோல்ட்தான். உலர்ந்த தோலின் தடையை மீறி, தேகத்துக்குத் தீங்கு செய்யும் அளவு மின்சாரத்தைச் செலுத்த அந்த அழுத்தம் போதாது. ஆயினும், தோலைக் கடக்கமாட்டாத அதே பேட்டரி உலோகத்தின் வழியே நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கணப்பொழுதில் பாய்ச்ச வல்லது. ஸ்பானர் ஒன்று பிளஸ் முனையையும் காரின் பாடியையும் ஒருசேரத் தொட்டுவிட்டால், அந்த ஸ்பானரும், இடையே அகப்பட்ட மோதிரமோ வளையலோ ஏதேனும் இருந்தால் அதுவும், பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். இதற்குச் செருப்பு பரிகாரமாகாது. நகைகளையும் உலோகப் பட்டை வைத்த கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவதே பரிகாரம்.

நம்பிக்கை: பிளஸுக்குப் பிளஸ், மைனஸுக்கு மைனஸ் என்று மாட்டினால் போதும், எது முன், எது பின் என்பதெல்லாம் வெறும் சம்பிரதாயம்.

உண்மை: மெய்யான அபாயம் இங்கேதான் இருக்கிறது. 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி காஸ்தோன் பிளாந்தே கண்ட ஈயத் தகடு, கந்தக அமிலம் என்ற அமைப்பே இன்றும் பெரும்பாலான கார்களின் பேட்டரியாக இருந்து வருகிறது. அதில் மின்சாரம் ஏறும்போது, அமிலத்திலுள்ள நீரின் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளிப்படுகிறது. காற்றில் 4 சதவீதம் கலந்திருந்தாலே பற்றிக்கொள்ளும் குணமுடைய ஹைட்ரஜன், ஒரே ஒரு தீப்பொறி கிடைத்தாலும் பேட்டரியின் கூட்டை உடைத்து அமிலத்தை முகத்தில் வாரி இறைத்துவிடக்கூடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்பது இதனாலேயே. அந்தப் பொறியோ, சுற்று முழுமை பெறுகின்ற கடைசி இணைப்பில் பெரும்பாலும் தப்பாமல் தோன்றும். ஆகவே, முதலில் சிவப்புக் கேபிளின் ஒரு முனையை இறங்கிய பேட்டரியின் பிளஸிலும், மறு முனையை உதவும் பேட்டரியின் பிளஸிலும், பின்னர்க் கறுப்புக் கேபிளின் ஒரு முனையை உதவும் பேட்டரியின் மைனஸிலும் மாட்டிவிட்டு, எஞ்சிய கடைசி முனையை மட்டும் இறங்கிய பேட்டரியில் மாட்டாமல், அதற்குத் தொலைவாக, அந்தக் காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத கெட்டியான உலோகப் பகுதியில் கவ்வவிட வேண்டும். மைனஸ் முனை காரின் பாடியோடும் எஞ்சினோடும் எர்த் ஆகியிருப்பதால் மின்சாரம் குறைவின்றிப் பாயும். பொறி எழுந்தாலும் அது வாயு இல்லாத இடத்தில் எழும். வண்டி எழுந்தபின் கழற்றும் முறை இதற்கு நேர் தலைகீழ். பிளஸும் மைனஸும் மாறிப் போனால் ஃபியூஸுகளும், எஞ்சின் ஓடுகையில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும், சில சமயம் விலையுயர்ந்த மின்னணுக் கருவிகளும் நாசமாகும். ஆதலின் நிறத்தை மட்டும் நம்பாமல், பேட்டரியின் மேல் பொறித்த குறியைப் பார்த்தே மாட்டுவது நலம்.

நம்பிக்கை: உதவும் வண்டி எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, லாரி கிடைத்தால் இன்னும் விசேஷம்.

உண்மை: லாரிகளிலும் பஸ்களிலும் பெரும்பாலும் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் வைத்திருக்கிறார்கள். அதனை 12 வோல்ட் காரில் செலுத்துவது உதவியாகாது, அனர்த்தமாகும். பார்க்க வேண்டியது வண்டியின் பருமனை அன்று, வோல்டேஜ் ஒன்றா என்பதையே.

நம்பிக்கை: எஞ்சின் எழுந்துவிட்டது, பத்து நிமிஷம் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும்.

உண்மை: ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 14 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் தருகிறது என்பது மெய்யே, ஆனால் முகப்பு விளக்கு, ஏ.சி., எரிபொருள் பம்ப் முதலியவற்றுக்கும் அதுவே படியளக்க வேண்டியிருப்பதாலும், பேட்டரி நிறைய நிறைய மின்சாரத்தை ஏற்கும் வேகம் குறைந்துகொண்டே போவதாலும், முற்றிலும் இறங்கிய பேட்டரி நிறைவு பெறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குத் தக்க இடம் சார்ஜர் உள்ள பேட்டரிக் கடை. குறைந்த சார்ஜிலேயே நாட்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிப்போய், பிறகு முழுச் சக்தியும் திரும்பாமலே போகும்.

நம்பிக்கை: ஓடுகிற எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார், எஞ்சின் நிற்காவிட்டால் சார்ஜிங் சரி.

உண்மை: டைனமோக் காலத்தில் பட்டறைகளில் பழகிய இந்தப் பரீட்சை, ஆல்டர்னேட்டரும் கணினியும் உள்ள வண்டிக்குச் சிறிதும் பொருந்தாது. மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த பேட்டரி சட்டென விலகினால், வோல்டேஜ் கணநேரம் பன்மடங்கு எகிறி மின்னணுப் பாகங்களைச் சுட்டுவிடக்கூடும். மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்து, எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டுகிறதா என்று பார்ப்பதே சேதமில்லாத பரீட்சை.

நம்பிக்கை: பேட்டரியைக் கெடுப்பது மார்கழிக் குளிர்.

உண்மை: விடியற்காலைக் குளிரில் ரசாயன வினை மந்தப்பட்டு, எஞ்சின் ஆயிலும் தடித்துப்போவதால், அதுவரை மறைந்திருந்த பலவீனம் அப்போது பிரத்தியட்சமாகிறது. அந்தப் பலவீனத்தை உண்டாக்கியது பெரும்பாலும் முந்தைய சித்திரை வைகாசி வெயில். உஷ்ணம் மிகுந்தால் தகடுகளின் அரிப்பும் நீரின் இழப்பும் விரைகின்றன. இழந்தது நீர் ஆதலால், திறந்து ஊற்றும் வகைப் பேட்டரியில் ஊற்ற வேண்டியதும் டிஸ்டில்டு வாட்டரேயன்றி அமிலமன்று.

இவ்வளவும் அறிந்த பின்னும், கூடு உப்பியோ விரிசல் விட்டோ அமிலம் கசிந்தோ இருக்கும் பேட்டரிக்கு இந்த உபாயம் அறவே ஆகாது. அதற்கு மாற்றுப் பேட்டரியே கதி. ஹைப்ரிட் வண்டி முதலியவற்றில் இணைக்க வேண்டிய இடமும், பிற வண்டிக்கு உதவலாமா என்ற வரம்பும் மாறுபடும் என்பதால், வண்டியோடு தந்த கையேட்டின் சொல்லே இறுதியானது. கேபிளை டிக்கியில் வைத்திருப்பவர் அந்தக் கையேட்டின் உரிய பக்கத்தையும், சாவகாசமாக வீட்டில் இருக்கும் ஒரு நாளில், ஒரு முறை படித்து வைத்துவிடுவது நலம். நடுவழியில் நாலு பேர் நாலு விதமாக யோசனை சொல்லும் நேரத்தில், எந்த முனை எங்கே என்பதை அறிந்தவர் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும்.